அரைமணி நேரம் விழித்திருங்கள், மச்சான்

ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் ஒரே தங்கையின் ஒரே கணவன் எழுதிக்கொள்வது.

இங்கு நான் நலம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதினேன், நம்ப வேண்டாம். அங்கு தாங்களும், அக்காவும், பையன்கள் இருவரும், இரண்டு பிரேக் வைத்த தங்கள் டிரைவிங் ஸ்கூல் காரும், கடந்த எட்டு நாட்களாகத் தங்கள் வீட்டு ஹாலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தங்கள் தங்கையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. அதிலும் கடைசியில் சொன்ன ஆள் நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போனில் பேசினால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். செவ்வாய்க்கிழமை போனில் பேசினேனே, என்ன ஆயிற்று? "மச்சான், கொஞ்சம் தனியா பேசணும்" என்று நான் ஆரம்பித்த மறுநொடியே தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டீர்கள். நான் விஷயத்தைச் சொன்னதும், "யாரு, நம்ம பாப்பாவா? குறட்டையா? பொறந்ததுலேருந்து பாக்குறேன் மாப்பிள்ளை, பூனைக்குட்டி மாதிரி தூங்கும் அது!" என்றீர்கள். பையன்கள் சிரித்தார்கள். சமையலறையிலிருந்து, "நல்லா கேட்டுக்கச் சொல்லுங்க!" என்று நாற்பத்தெட்டு வயதான அந்தப் பாப்பாவின் குரல் வந்தது. அப்போதும் நான் மானத்தை விட்டுப் பத்து நிமிடம் அந்தக் குறட்டையைப் பற்றி மட்டும் விளக்கமாகச் சொல்லிவிட்டு, "என்ன மச்சான் சொல்றீங்க?" என்று கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு பதில். லைனில்தான் ஏதோ கோளாறு என்று போனை இரண்டு தட்டுத் தட்டினேன். தாங்கள் தூங்கிவிட்டீர்கள் என்று அக்கா எடுத்துச் சொன்ன பிறகுதான் விளங்கியது. ஆகவே கடிதம். படிக்கும்போது தூக்கம் வந்தால், விட்ட வரியில் விரலை வைத்துக்கொண்டு தூங்கவும். எங்கள் கம்பெனி வெல்டர் தங்கள் தெருக்காரர்தானே, இங்கே வேலைக்கு வந்து போகிறவர் இன்று மாலை ஊர் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தங்கள் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.

மச்சான், தங்கள் தங்கை குறட்டை விடுகிறாள். இதை நான் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருடமாக மொட்டைமாடி மெஷின் ரூம்களில் நின்று, மோட்டார் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்தக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று சொல்பவன். சத்த விஷயத்தில் என் காது பொய் சொல்லாது. கல்யாணமான புதிதில் மட்டும்தான் ஒரு தடவை ஏமாந்தேன். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்துப் போய்க் கதவைத் தட்டி, அந்த மனிதர் தூக்கக் கலக்கத்தோடு வந்து, "எங்க வீட்ல மோட்டாரே கிடையாதே சார்" என்று சொல்ல, அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், மோட்டார் என் தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இருபத்து நான்கு வருடம்.

தங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாமல் போனது எப்படி என்றும் எனக்குத் தெரியும். குறையாகச் சொல்லவில்லை. தங்கள் வீட்டில் பிறந்த எல்லோருமே விடுகிறீர்கள். எல்லோரும் விடுகிற இடத்தில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? மறுவீட்டுக்கு வந்த அன்று நான் தங்கள் வீட்டில் படுத்தேனே, காலம் சென்ற மாமனார் ஆரம்பித்து வைக்க, தாங்கள் வாங்கிக்கொள்ள, பாப்பா நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டு போக, அந்த வீட்டுக் கண்ணாடி ஜன்னல் மூன்று பேருக்கும் சேர்த்துத் தாளம் போட்டது. காலையில் என் முகத்தைப் பார்த்ததும் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, உப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பஞ்சு. "ரெண்டு எடுத்துக்குங்க தம்பி, காதுக்கு ஒண்ணு. வெளியிலேருந்து வந்தவங்க நாமதான் ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கணும்" என்றார். அந்த வீட்டுக்குள் வாழ வந்த ஒரே வெளியாள் அக்கா. இருபத்தேழு வருடமாக அவர் பஞ்சோடுதான் தூங்குகிறார். சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் காதை அடைத்துக்கொண்டிருந்தால் என் கதி என்ன ஆகும், சொல்லுங்கள்.

சரி, சகித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் கை சும்மா இருக்காதே. தலைமாடு உயரமாக இருந்தால் சத்தம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, கச்சிதமாக நான்கு அங்குலம் தூக்கினேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் தங்கள் தங்கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் கட்டிலின் கடைசிக்குப் போய், பாதம் இரண்டும் வெளியே தொங்க, தலை என் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்தவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, நான் வளந்துட்டேனா?" என்றாள். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை, என் காதிலிருந்து இரண்டடி தள்ளிப் போயிருந்தது, அவ்வளவுதான். அடுத்தது, மல்லாந்து படுக்காமல் இருக்க முதுகுப்பக்கம் ஒரு பந்து வைத்துத் தைக்கலாம் என்று கேள்விப்பட்டு, அவள் கடைக்குப் போன சமயம் அவளுடைய தையல் மெஷினிலேயே உட்கார்ந்து, ஊசி இரண்டை உடைத்து, அவளுடைய நைட்டியின் முதுகில் பந்தை வைத்துத் தைத்தேன். மச்சான், ஊருக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறவள் அவள். பந்தைப் பார்த்துக் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பந்தைக் கண்டுகொள்ளவே இல்லை. "இது தையலா? இதை யாராவது பாத்தா நான் தச்சதுன்னுல்ல நினைப்பாங்க!" என்று அழாத குறையாக உட்கார்ந்து மொத்தத்தையும் பிரித்து, அதே பந்தை அழகாக மறுபடி வைத்துத் தைத்துக் காட்டிவிட்டு, பிறகுதான் அது எதற்கு என்று கேட்டாள். நான் பதில் சொன்னதும் பந்தைப் பிரித்து என் மேல் எறிந்தாள்.

இதற்கிடையில் எங்கள் கட்டடச் சங்கச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கையில் ஒரு நோட்டோடு வந்து நின்றார். கீழ்வீட்டிலிருந்து புகார் வந்திருக்கிறதாம், நாங்கள் வீட்டுக்குள் ஏதோ கனமான மெஷின் ஓட்டுகிறோமாம், குடியிருப்பில் தொழில் நடத்தக் கூடாது என்பது விதியாம். தங்கள் தங்கையோ உள்ளே மதியத் தூக்கத்தில், முழு வேகத்தில். செயலாளர் காதைத் தீட்டிக்கொண்டு, "இதோ, இந்தச் சத்தம்தான் சார்!" என்றார். அதைப் போய் என் மனைவி என்று நான் எப்படிச் சொல்வேன்? அவள் நாளைக்கு மாடிப்படியில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "ரிப்பேருக்கு வந்த லிஃப்ட் மோட்டார் சார், சும்மா ஓட்டிப் பாத்துக்கிட்டிருக்கேன்." அவர் விடவில்லை. "அடுத்த வாரம் வந்து பாக்குறேன், எழுதிக்கணும்" என்றார். வேறு வழி? ஒர்க்‌ஷாப்பில் கழித்துப் போட்டிருந்த ஒரு பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி, வெல்டரும் நானும் மூன்று மாடி தூக்கினோம். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அன்று ஓடவில்லை. அதைப் பராமரிப்பது வேறு கம்பெனி, அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் காகிதம் போதாது. அந்த மோட்டார் இன்னமும் ஹாலில்தான் இருக்கிறது. தங்கள் தங்கை அதன் மேல் துண்டு காயப்போடுகிறாள். எதற்கு அது வந்தது என்று அவளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். தப்பு என்னுடையதுதான், முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு லிஃப்டுக்கும் நாங்கள் ஒரு லாக் புக் எழுதுவோம். தேதி, நேரம், சத்தம், பழுது, எடுத்த நடவடிக்கை என்று கட்டம் போட்டு அச்சடித்திருக்கும். என்னிடம் எழுதாத புத்தகம் ஒன்று கிடந்தது. அதில் ஒரு வருடமாக இவளுடைய தூக்கத்தைக் குறித்து வைத்துக்கொண்டு வந்தேன். முதல் பக்கத்தில் 'இயந்திரத்தின் பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கும். கை பழக்கம் பாருங்கள், எந்தக் கட்டத்தையும் காலியாக விட எனக்கு வராது. 'பாப்பா' என்று எழுதினேன். 'நிறுவிய ஆண்டு' என்ற இடத்தில் கல்யாண வருடம். 'சுமை தாங்கும் அளவு' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி இருந்தது. இஞ்ச் டேப் தேடியவள் கையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தாள். 'பழுது: நின்றுவிட்டது, 14 விநாடி. நடவடிக்கை: தட்டி இயக்கப்பட்டது.' அடுத்த நாள் அதேபோல. அதற்கடுத்த நாளும். கடைசிப் பக்கத்தில், 'உடனடிக் கவனிப்பு தேவை' என்று எங்கள் கம்பெனி ரப்பர் ஸ்டாம்ப் வேறு.

"நான் என்ன லிஃப்டா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான், "லிஃப்டா இருந்திருந்தா என்னைக்கோ நிறுத்தி வச்சு சரி பண்ணியிருப்பேன்" என்றேன். ஐயோ மச்சான், நான் அதை ஆதங்கத்தில் சொன்னேன். அது அவள் காதில் எப்படி விழுந்தது என்பது அவள் கத்தரிக்கோலையும் தலையணையையும் பையில் வைத்த வேகத்தில் தெரிந்தது. "என்னை நிறுத்தி வைக்கணுமா? நானே நின்னுக்கறேன், எங்க அண்ணன் வீட்ல" என்று சொல்லிவிட்டு மூன்று மாடியும் படியிறங்கிப் போனாள். லிஃப்ட் அன்று ஓடியது. அவள் அதில் ஏறவில்லை.

இனி நான் சொல்லப் போவதைத் தாங்கள் தூங்காமல் படிக்க வேண்டும். தயவுசெய்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு வரவும்.

மச்சான், சத்தம் எனக்கு என்றைக்குமே பிரச்சினை இல்லை. கட்டை வைத்ததும் பந்து வைத்ததும் ஆரம்ப காலத்து விளையாட்டு. பிறகு பழகிவிட்டது. லிஃப்ட் சத்தம் போட்டால் மெக்கானிக் பயப்பட மாட்டான், சத்தம் வந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இரண்டு மாடிக்கு நடுவில் அமைதியானால்தான் அவன் மெஷின் ரூமுக்கு ஓடுவான். உள்ளே ஆள் இருக்கும். இரண்டு வருடமாகத் தங்கள் தங்கை அப்படி நின்றுபோகிறாள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் குறட்டை சட்டென்று அறுந்துவிடும். மூச்சும் இல்லை, பேச்சும் இல்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணுவேன். பத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். பன்னிரண்டு, பதின்மூன்று என்று போகும். தோளைப் பிடித்து உலுக்கினால், தண்ணீருக்குள் முங்கியவர்கள் வெளியே வருவதுபோல ஒரு பெரிய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பாள். காலையில் அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. "எட்டு மணி நேரம் தூங்கியும் தலை வலிக்குதுங்க" என்பாள். போன மாதம் பட்டப்பகலில் மெஷினில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, ஒருவருடைய ஜன்னல் திரையையும் வேறொருவருடைய மேஜை விரிப்பையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள். ஊரே சிரித்தது, அவளும் சிரித்தாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பயமாக இருக்கிறது மச்சான். இதை நேரடியாகச் சொல்ல எனக்கு வாய் வராமல்தான் புத்தகத்தில் எழுதினேன்.

இந்தச் சண்டைக்கு முன்பே அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல், காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது பக்கத்திலும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடைசிவரை படித்தார். "இவ்வளவு சரியா யாரு எழுதினது? வீட்ல நர்ஸ் யாராவது இருக்காங்களா?" என்றார். லிஃப்ட் மெக்கானிக் என்றேன். "நல்லவேளை எழுதினீங்க. இது நிறைய பேருக்கு இருக்குங்க, பாதிப் பேருக்குத் தெரியறதே இல்ல. பயப்படாதீங்க, வழி இருக்கு. ஒரு ராத்திரி இங்க தூங்க வச்சுப் பாக்கணும். தேவைப்பட்டா மூக்குல வச்சுக்கற ஒரு சின்ன மெஷின். அப்புறம் பாருங்க, அவங்களே புது ஆளா எந்திரிப்பாங்க" என்றார். புது ஆளாக! அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் வீடு வரை நடந்தே வந்தேன், பஸ்ஸில் ஏறவே மறந்துவிட்டேன். அவளை அவரிடம் காட்டுவதற்கு ஆறு வாரம் காத்திருந்து நாள் கிடைத்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணி, டோக்கன் எண் ஏழு. ஏழாவது ஆள் தங்கள் வீட்டு ஹாலில், "எங்க அண்ணனே சொல்லிட்டாரு, எனக்குக் குறட்டையே கிடையாது" என்று உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு மதியம் டிரைவிங் ஸ்கூலைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வருவீர்களே, சாப்பிட்டதும் படுக்காதீர்கள். அந்த நேரம் அவளும் ஹாலில் சாய்வாள். தாங்கள் அரைமணி நேரம், அரையே அரைமணி நேரம் விழித்திருக்க வேண்டும். தாங்கள் எப்பேர்ப்பட்ட தூக்கக்காரர் என்று எனக்குத் தெரியாதா? லைசென்ஸுக்காகத் தங்களிடம் கார் பழகிய, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாவிடம் "நேராப் போங்க" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் பக்கத்து சீட்டில் தூங்கிப்போக, அந்தம்மா சொன்ன சொல் தட்டாமல் முக்கால் மணி நேரம் நேராகவே போய், சாலை முடிந்து ஆற்றங்கரை வந்த பிறகு, "சார், இனிமே எப்படிங்க நேராப் போறது?" என்று எழுப்பிய கதையைத் தாங்களே எத்தனை விசேஷங்களில் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்திருக்கிறீர்கள்! அதனால்தான் சொல்கிறேன், மெத்தை நாற்காலி வேண்டாம், அக்காவின் முக்காலியில் உட்காரவும். டீ இரண்டு கிளாஸ் குடிக்கவும். விநாடி முள் இருக்கிற கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளவும். குறட்டையைக் கேட்காதீர்கள், அது தங்களுக்குத் தாலாட்டு. குறட்டை நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றதும் எண்ணுங்கள். பத்து வரும்போது தாங்களே முக்காலியை விட்டு எழுந்து நின்றிருப்பீர்கள். அதன் பிறகு அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் தங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சொன்னால் சண்டை. அண்ணன் சொன்னால் அவளுக்கு அதுதான் சட்டம்.

நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டதாகவும் சொல்லவும். 'இயந்திரத்தின் பெயர்' என்ற அச்செழுத்தை மை வைத்து அடித்துவிட்டேன். 'பாப்பா' என்பதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அவள் போனதும் இவன் கால்நீட்டி நிம்மதியாகத் தூங்குகிறான் என்று அங்கே பேசிக்கொள்வீர்கள். எட்டு நாளாக வீடு அவ்வளவு அமைதி. படுத்துச் சற்றுக் கண் அசந்ததும் திடுக்கென்று விழிப்பு வந்து, சத்தம் இல்லையே என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். பத்து, இருபது, ஐம்பது என்று எண்ணிக்கொண்டே போய், இருநூறு தாண்டிய பிறகுதான் அவள் இங்கே இல்லை என்பது உறைக்கிறது. இதை அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பையன்களுக்கு என் ஆசிகள். இருவருக்கும் நல்ல வேலையும், காது கேட்காத மாமனார் வீடும் அமையட்டும். தங்களிடம் கார் ஓட்டக் கற்கும் அத்தனை பேரும் வளைய வேண்டிய இடத்தில் வளைந்து பத்திரமாக வீடு சேரட்டும். தங்கள் தங்கையைப் புதன்கிழமை மாலைக்குள் பஸ் ஏற்றிவிடவும். தங்கள் பதிலுக்காக மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கும்,

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை.

பி.கு.: மச்சான், மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். முக்காலி வேண்டாம், டீ வேண்டாம், கடிகாரம் வேண்டாம்.

கடிதத்தை மடித்து வெல்டரிடம் நீட்டுகிறேன், போன் அடிக்கிறது. தங்கள் தங்கை. எட்டு நாளில் முதல் தடவை. "என்னங்க" என்று ஆரம்பித்தாள். இன்று மதியம் சாப்பிட்டுவிட்டுத் தாங்கள் ஹாலில் படுத்தீர்களாமே, என் மேல் இருந்த கோபத்தில் அவளுக்கு மட்டும் தூக்கம் வரவில்லையாம். அந்த வீட்டில் பிறந்ததிலிருந்து, எல்லோரும் தூங்கும்போது அவள் விழித்திருந்தது இன்றைக்குத்தானாம். "அண்ணன் நல்லா விட்டுக்கிட்டிருந்தாருங்க. திடீர்னு நின்னுபோச்சு. உங்க புத்தகத்துல படிச்சது ஞாபகம் வந்து எண்ண ஆரம்பிச்சேன். பத்தொன்பது போச்சுங்க. பத்தொன்பது!" என்றாள். அவள் தங்களைப் பிடித்து உலுக்கியதும் தாங்கள், "பிரேக்க மிதிங்க! பிரேக்க மிதிங்க!" என்று கத்திக்கொண்டே எழுந்தீர்களாம். இவள் சிரித்து, பிறகு அழுது, பிறகு போனை எடுத்திருக்கிறாள்.

"நானும் இப்படித்தாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒரு வருஷமாவா எண்ணிக்கிட்டிருந்தீங்க?" இரண்டு வருடமாக என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டேன், எட்டு வரைக்கும் போனேன். "சாயங்கால பஸ்ஸுக்கு வரேன். அந்த மோட்டார் மேல கிடக்கற துண்டை எடுத்து மடிச்சு வையுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

முப்பது வருடக் காது என்று பீற்றிக்கொண்டேனே, இத்தனை காலம் தங்கள் குறட்டையைக் கேட்டிருக்கிறேன், தாங்கள் நின்றுபோவதை நான் கேட்கவில்லை பாருங்கள். தங்கள் கூட்டத்தில் ஒருவர் நின்றாலும் மற்றவர் சத்தம் நிரப்பிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை போனிலும் சரி, ஆற்றங்கரைக் கதையிலும் சரி, தாங்கள் கண்ணயர்ந்ததை நான் வேடிக்கையாகத்தானே எடுத்துக்கொண்டேன். அதற்கும் மன்னிக்கவும்.

மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதியதைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. ஆகவே அப்படியே அனுப்புகிறேன். 'தங்கள் தங்கை' என்று எழுதிய இடங்களில் எல்லாம் 'தாங்கள்' என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். டாக்டரம்மா சொன்ன இடத்தை இரண்டு முறை படிக்கவும், பயப்படாதீங்க என்ற சொல்லை மூன்று முறை. தாங்கள் ஊசியைக் கண்டாலே ஓடுகிறவர் என்பது தெரியும். அங்கே சும்மா தூங்கினால் போதுமாம், அதில் தங்களை மிஞ்ச யாரும் இல்லை. கிளினிக்குக்குப் போன் செய்து கெஞ்சிக் கேட்டேன். வியாழக்கிழமை டோக்கன் ஏழு பாப்பாவுக்கு, எட்டு தங்களுக்கு. காரைத் தாங்கள் ஓட்டி வர வேண்டாம்.

வெல்டரிடம் இந்தக் கடிதத்தோடு எழுதாத லாக் புக் ஒன்றும் கொடுத்திருக்கிறேன். அது தங்களுக்கு இல்லை, அக்காவுக்கு. அவர் பஞ்சை எடுத்து எறிந்துவிட்டாராம், பாப்பா சொன்னாள். 'சுமை தாங்கும் அளவு' என்ற கட்டத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் நிரப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லவும்.